பாலம் விழுந்தபின் ஊர் சொன்ன சொல்

கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டையைத் தாண்டி ஹற்றன் பாதையில் செல்பவர்கள் கித்துல்கலையில் சற்று இறங்கி நிற்பதுண்டு. அங்கே களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்கிறது. கரைவழியே இறங்கிச் சென்றால் கொங்கிறீற்று அடித்தளங்கள் சில மண்ணிலும் பாசியிலும் புதைந்து கிடக்கக் காணலாம். 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட மரப்பாலம் ஒன்றின் எச்சங்கள் அவை. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படத்துக்காக ஏறத்தாழ 425 அடி நீளத்தில், 90 அடி உயரத்தில் அப்பாலம் எழுப்பப்பட்டது. மரங்களை யானைகள் இழுத்தன. அது விழுவதைக் காண அந்நாளைய பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்களே வந்திருந்தார். புகைவண்டியோடு பாலம் ஆற்றில் சரிந்தது. படம் உலகெங்கும் ஓடிற்று. ஏழு ஒஸ்கார் விருதுகளையும் பெற்றது. விழுவதற்கென்றே கட்டிய பாலம் அது. ஆகையால் அது விழுந்ததற்காக எந்த ஊரும் அழ வேண்டியிருக்கவில்லை. அப்படத்தின் கதைக்குப் பின்னால் நம்மவரைப் பற்றிய வேறொரு கதை உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம்.

நிற்பதற்கென்று கட்டும் பாலங்களும் சில வேளைகளில், கட்டி முடியுமுன்னரே, கட்டுபவர்களோடு சேர்ந்து விழுந்துவிடுகின்றன. ஏன் விழுந்தன என்பதைப் பொறியியலாளர்கள் ஆராய்கிறார்கள். விழுந்த மறுநாள் ஊர் என்ன சொல்லிற்று என்பதைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாலிபர் சங்க மலருக்கு இதென்ன பொருள் என்று மூத்தோர் சிலர் கேட்கக்கூடும். அத்தகைய வேளைகளில் முதன்முதலாக இழுக்கப்படும் பெயர் பெரும்பாலும் கடவுளின் பெயராகவே இருக்கிறது. அதனால்தான் இது நமக்கும் உரிய பொருளாகிறது.

இன்று கொல்கத்தா என்று எழுதப்படும் கல்கத்தா மாநகரில் விவேகானந்தர் வீதி என்றொரு வீதி உண்டு. சுவாமி விவேகானந்தர் பிறந்த இல்லம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் தேதி மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமிகள் கொழும்பில் வந்திறங்கியதையும், நம் நாட்டுச் சைவ மக்கள் அவரை வரவேற்ற விதத்தையும் நம் சங்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் பெயர் தாங்கிய வீதியின்மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் ஒரு மேம்பாலம் கட்ட 2009இல் கொந்தராத்து வழங்கப்பட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஐ.வி.ஆர்.சி.எல் என்னும் நிறுவனம் வேலையை ஏற்றது. ஓரிரண்டு ஆண்டுகளில் முடிய வேண்டிய வேலை ஏழாண்டாகியும் முடியவில்லை. தவணைமேல் தவணை கேட்டார்கள். தவணைமேல் தவணை கொடுத்தார்கள். பாலமோ படாபஜார் என்னும் பெருஞ்சந்தைப் பகுதியின் நெருக்கத்தில், இருபுறத்து மாடி வீடுகளின் முகப்பைக் கையால் தொடலாம் போன்ற அண்மையில், அரைகுறையாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே கடைகள் நடந்தன, வண்டிகள் ஓடின, சுமைகூலிகள் நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

2016ஆம் ஆண்டு மார்ச் 31, வியாழக்கிழமை. நண்பகல் கழிந்த சிறிது நேரத்தில், கணேஷ் டாக்கீஸ் என்னும் நாற்சந்திக்கருகே நூறு மீட்டர் அளவான இரும்புத் தளம் அப்படியே கீழே வந்துவிட்டது. முதல்நாள் இரவுதான் அந்தப் பகுதியில் கொங்கிறீற்று ஊற்றியிருந்தார்கள். ஊற்றும்போதே மரையாணிகள் தெறித்ததைத் தாம் கண்டதாகத் தொழிலாளர் சிலர் சொன்னதைப் பத்திரிகைகள் வெளியிட்டன. இறந்தவர்கள் 26 பேருக்குக் குறையாது. காயமுற்றோர் எண்பதுக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் பாலத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத வழிப்போக்கர்கள், கடைக்காரர்கள், வண்டியோட்டிகள். விக்கினம் தீர்க்கும் விநாயகர் பெயர் கொண்ட சந்தியிலே இப்படி நடந்ததே என்று பலர் அங்கலாய்த்திருப்பார்கள். அது மனித இயல்பு, குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அன்று கடவுளைத் துணைக்கழைத்தது அங்கலாய்த்த பாமரர் அல்லர். கட்டிய நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்முன், தாங்கள் இருபத்தேழு ஆண்டுகளாகப் பாலம் கட்டிவருவதாகவும், இப்படி ஒன்று முன்னர் நேர்ந்ததேயில்லை என்றும், ஆகவே இது தெய்வச் செயலேயன்றி வேறில்லை என்றும் கூறினார். அச்சொல் அன்று மாலைக்குள் இந்தியா முழுவதும் பரவிற்று. வங்காளத்தில் அப்போது சட்டசபைத் தேர்தல் காலம். பிரதமர் நரேந்திர மோடி ஒரு கூட்டத்தில் பேசுகையில் இது தெய்வச் செயல் அன்று, மோசடிச் செயல் என்றார். மாநிலத்தை ஆண்ட கட்சியோ கொந்தராத்து முந்திய இடதுசாரி ஆட்சியில் கொடுக்கப்பட்டது என்று கையை விரித்தது. கட்டடப் பொருள் விற்கும் கூட்டங்களுக்கு ஆளுங்கட்சி இடங்கொடுத்ததாக எதிர்க்கட்சிகள் முழங்கின. இறந்தவர்களின் உடல்கள் ஒருபுறம் கிடக்க, மறுபுறம் பழியைப் பந்தாக்கி உதைத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

தெய்வச் செயல் என்பது பார்வைக்குப் பக்தி மணக்கும் சொற்றொடர். அது கோயிலிலிருந்து வந்ததன்று. ஆங்கிலேயருடைய சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது. இடி, புயல், பூமியதிர்ச்சி போல, எந்த மனிதனும் முன்கூட்டி அறியவோ தடுக்கவோ இயலாத இயற்கை நிகழ்ச்சியால் நட்டம் வந்தால், அதற்கு உடன்படிக்கைக்காரன் ஈடு செய்ய வேண்டியதில்லை என்பதே சட்டத்தில் அதன் பொருள். ஆகவே அச்சொல்லை உச்சரிப்பவர் கடவுளைக் கும்பிடுகிறார் என்று நாம் மயங்கிவிடக் கூடாது. அவர் கணக்குப் புத்தகத்தை மூடுகிறார். அன்றைய தினம் கல்கத்தாவில் புயலும் இல்லை, பூமியும் அதிரவில்லை.

நம் சமயம் இதைப்பற்றி என்ன சொல்கிறது? வினை என்னும் சொல்லை நாம் தினமும் வழங்குகிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பது குறைவு. வினை என்றால் செயல். செயல் இருந்தால் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும். செய்தவனுக்கு அதன் பயன் உண்டு என்பதுதான் கொள்கை. செத்தவனைக் காட்டி ‘அவன் வினை’ என்று சொல்லிவிட்டு, மரையாணியைச் சரிபாராதவனின் வினையைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது எந்தச் சித்தாந்தமும் ஆகாது. தலையெழுத்தைப் பற்றிப் பேசும் உரிமை துக்கப்படுபவனுக்கு உண்டு. தாய் ஒருத்தி என் பிள்ளையின் விதி என்று மார்பில் அடித்துக்கொண்டால் அது அவளுக்கு ஆறுதல். அதே வார்த்தையைக் கொந்தராத்துக்காரர் எடுத்து வழங்கினால் அது திருட்டு.

இத்தனைக்கும் நடுவில் அந்த வீதியிலே குடியிருந்த சாதாரண மக்கள் செய்ததைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இராணுவமும் மீட்புப் படையும் பாரந்தூக்கிகளோடு வந்து சேருமுன்னர் வெறுங்கையோடு இரும்பையும் கல்லையும் அகற்றியவர்கள் அவர்கள். இடிபாட்டுக்குள் தண்ணீர்ப் போத்தலை நீட்டியவர்கள் அவர்கள். வைத்தியசாலைகளில் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களும் அவர்களே. பின்னர் நிறுவனத்து அதிகாரிகள் பலர் கைதானார்கள். விசாரணைகள் வரைபடத்திலும் பொருளின் தரத்திலும் மேற்பார்வையிலும் குறை கண்டன. மீதி நின்ற பாலத்தின் அருகே வாழ அஞ்சிய குடியிருப்பாளர்கள் அதை இறக்குங்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 2021இல்தான் அதைப் பிரித்து இறக்கும் வேலை தொடங்கிற்று. கட்டுவதற்கு ஏழாண்டு, இறக்கத் தொடங்குவதற்கு ஐந்தாண்டு.

கடவுளின் பெயரால் சொல்லப்படும் மற்றொரு சொல்லையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். பெரிய பாலம் பலி கேட்கும் என்று பழைய ஆட்கள் சொல்வதை நாமும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். புதுப்பாலம் கட்டும் காலத்தில் பிள்ளைகளை ஆற்றங்கரைப் பக்கம் போகவிடமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றில் பாலங் கட்டியபோதும் தூணுக்கடியில் புதைக்க மனிதத் தலை தேடுகிறார்கள் என்ற வதந்தி பரவியதுண்டு. அது பழங்காலத்துப் பேதைமை என்று சிரித்துவிட முடியவில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வங்காளதேசத்தில் பத்மா நதிப் பாலத்துக்குத் தலை வேண்டுமாம், பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்களாம் என்ற கதை கைத்தொலைபேசி வழியே பரவி, குற்றமற்ற எட்டுப் பேரைச் சனக்கூட்டம் அடித்துக் கொன்றது. பாலத்து அதிகாரிகள் இது பொய் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. இந்தப் பலி நம்பிக்கையும் தெய்வச் செயல் என்ற வாதமும் தூரத்து உறவல்ல, உடன்பிறப்புகள். பாலத்தால் மனிதர் சாவது இயல்பே என்று இரண்டும் நம்மை நம்பச் செய்கின்றன.

நிற்க. விழுந்த பாலத்துக்குக் கணக்குக் கேட்ட ஊர்களும் உண்டு. அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காரணம், அது நம் தோட்டங்களைப் போன்றதொரு ஊர்.

கனடா தேசத்தில் குவெபெக் நகருக்கருகே சென் லோரன்ஸ் என்னும் பேராற்றின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். இரு கரையிலிருந்தும் இரண்டு கைகளை நீட்டி நடுவில் கோப்பது போன்ற அமைப்பு. தூணுக்குத் தூண் 1,600 அடி என்று முதலில் திட்டமிட்டு, பின்னர் அதை 1,800 அடியாக்கினார்கள். உலகத்திலேயே நீளமான பாலம் என்ற பெயர் கிடைக்கும் அல்லவா! தூரம் கூடினால் பாலத்தின் சொந்தப் பாரமும் கூடும். அந்தப் பாரத்தைப் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அது உரிய காலத்தில் செய்யப்படவில்லை. தலைமை ஆலோசகரான தியோடர் கூப்பர் பேர்பெற்ற பொறியியலாளர்; முதியவர்; நோயாளி; நியூயோர்க்கில் இருந்தபடியே வேலையை நடத்தினார். தம் வேலையை இன்னொருவர் மேற்பார்வை செய்வதை அவர் ஏற்கவில்லை. 1907 ஓகஸ்ட் மாதத்தில், பாரத்தைத் தாங்கும் கீழ்ப்புறத்து உருக்குச் சட்டங்கள் கூன் விழுந்தவன் முதுகுபோல் வளைவதைக் கீழ் உத்தியோகத்தர்கள் கண்டார்கள். அளந்து பார்த்தார்கள், ஒரு சட்டம் இரண்டு அங்குலம் வளைந்திருந்தது. இளம் பொறியியலாளர் ஒருவர் செய்தியோடு நியூயோர்க்குக்குப் பயணமானார். கூப்பர் உடனே தந்தி கொடுத்தார்: பாலத்தின்மேல் இனிப் பாரம் ஏற்ற வேண்டாம் என்று. அந்தத் தந்தி அமெரிக்காவில் இருந்த கம்பனியின் காரியாலயத்துக்குப் போயிற்று. வேலை நடந்துகொண்டிருந்த குவெபெக்குக்குப் போகவில்லை. காரியாலயத்தார், ஆள் நேரில் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள்.

அன்று 1907 ஓகஸ்ட் 29. மாலை ஐந்தரை மணி கழிந்து, வேலை விடும் வேளையில், தென்கரையிலிருந்து நீண்டிருந்த கை முழுவதும், 19,000 தொன் அளவான உருக்கு, பதினைந்து விநாடியில் சரிந்தது. மேலே நின்றவர்கள் 86 பேர். 75 பேர் மாண்டார்கள். இரும்புக்குள் அகப்பட்டு உயிரோடிருந்தவர்கள் சிலரை மீட்க வழியின்றி, கடற்பெருக்கினால் ஆற்றுநீர் ஏறி ஏறி அவர்களை மூடியதை உறவினர் கரையில் நின்று பார்த்திருக்க நேர்ந்தது.

மாண்டவர்களில் 33 பேர் ஒரே ஊரார். மொன்றியல் நகரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள கானவாக்கே என்னும் மோஹாக் ஆதிக்குடிகளின் ஊர் அது. 1886ஆம் ஆண்டளவில் புகையிரதக் கம்பனி தன் பாலத்தை அவர்கள் நிலத்தில் இறக்கியபோது, அதற்கு ஈடாக வேலை கேட்டு இரும்பு வேலைக்குள் வந்தவர்கள். அந்த இனத்தாருக்கு உயரத்தில் பயமே கிடையாதாம், அது அவர்கள் இரத்தத்தில் ஊறியதாம் என்று உலகம் பேசிற்று. அவர்களோ, பயம் எங்களுக்கும் உண்டு, அதை அடக்கிக்கொள்ளப் பழகினோம் என்றுதான் சொல்லி வந்தார்கள். பாடுபடுகிறவனுக்குப் பாடு இயற்கையானது என்று சொல்லிவிடுவது கூலி கொடுப்பவனுக்கு எவ்வளவு வசதி! அட்டைக்கடியையும் மலைக்குளிரையும் பற்றி நம் பாட்டன்மார் கேட்ட பேச்சும் இதுதானே.

ஒரே நாளில் 33 ஆண்கள் போனால் இரண்டாயிரம் பேர் கொண்ட ஊர் என்ன ஆகும்? நம் தோட்டமொன்றில் ஒரு பிரிவு முழுவதும் வெறுமையானதுபோல் இருந்திருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். இனிமேல் நம் ஆண்கள் எல்லாரும் ஒரே பாலத்தில் வேலைக்குப் போகக் கூடாது. பல இடங்களாய்ப் பிரிந்து போக வேண்டும் என்றார்கள். வேலையை விடச் சொல்லவில்லை. விட்டால் வயிற்றுக்கு வழியில்லை. ஆனால் ஒரே விபத்து ஊரையே விதவையாக்க இடங்கொடோம் என்றார்கள். ஆண்கள் அதற்கு இணங்கினார்கள். பின்னர் நியூயோர்க் நகரத்தின் வானளாவிய கட்டடங்கள் வரை அவர்கள் சிதறிச் சென்று உழைத்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம். மாண்டவர்களின் நினைவாக ஊர் மயானத்தில் உருக்குச் சட்டங்களாலேயே சிலுவை செய்து நாட்டினார்கள். எந்தப் பெரிய சபையும் கூடித் தீர்மானம் நிறைவேற்றியதைவிட எனக்கு அந்தப் பெண்களின் முடிவே பெரிதாகத் தோன்றுகிறது.

கனடா அரசினரும் வாளாவிருக்கவில்லை. மூவர் கொண்ட றோயல் கமிஷன் அமர்ந்து 1908இல் அறிக்கை தந்தது. கூப்பரையும், கம்பனியின் வரைபடப் பொறியியலாளர் பீற்றர் ஸ்லாப்காவையும் பெயர் சொல்லிக் குறித்தது. புயல் என்றோ விதி என்றோ சொல்லவில்லை. அப்படியிருந்தும் இரண்டாம் முறை கட்டுகையில், 1916 செப்டெம்பர் 11இல், நடுத் துண்டைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தனர். 1917இல் பாலம் முடிந்தது. இன்றும் அதன்மேல் புகைவண்டி ஓடுகிறது. 1925 முதல் கனடாவில் படித்துத் தேறும் பொறியியலாளர்கள் சுண்டுவிரலில் ஓர் இரும்பு மோதிரம் அணிந்து உறுதிமொழி எடுத்து வருகிறார்கள். அந்த மோதிரம் விழுந்த பாலத்தின் இரும்பில் செய்தது என்பார்கள். அது கட்டுக்கதை, ஆனால் அப்படி ஒரு கதையை நம்ப அவர்கள் விரும்புகிறார்கள் என்பதே ஒரு செய்தி.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்தில் 1970 ஒக்தோபர் 15இல் வெஸ்ற் கேற் பாலம் விழுந்து 35 தொழிலாளர் இறந்ததும் இவ்வகையே. இரண்டு பாதி உத்திரங்கள் நான்கரை அங்குலம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உயர்ந்து நின்ற பாதியை அமுக்குவதற்கு 80 தொன் கொங்கிறீற்றுக் கட்டிகளை ஏற்றினார்கள். உருக்கு நெளிந்தது. நெளிவை எடுக்க மரையாணிகளைக் கழற்றினார்கள். கீழே கொட்டகையில் உணவருந்திக்கொண்டிருந்தவர்கள்மேல் அது வந்து விழுந்தது. நான்கு மாதத்துக்கு முன்னர்தான் வேல்ஸ் நாட்டில் அதே மாதிரிப் பாலமொன்று விழுந்திருந்தது. தொழிலாளர்கள் அச்சம் தெரிவித்தும் இருந்தார்கள். அங்கும் றோயல் கமிஷன், அங்கும் பெயர் சொல்லிக் குற்றம். அந்தப் பாலத்தின் முறுக்குண்ட இரும்புத் துண்டுகள் மொனாஷ் பல்கலைக்கழகத்துப் பொறியியற் பீடத் தோட்டத்தில், படிக்க வரும் பிள்ளைகள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டுள்ளன. 35 பேரின் பெயரும் பாலத்தடியில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் அந்நாளில் கூடுகிறார்கள்.

பாரத நாட்டுக்கே மீண்டு வந்தால், 2023 ஓகஸ்ட் 23இல் மிசோராம் மாநிலத்தில் பைரபி–சாய்ராங் புகையிரதப் பாதைக்குக் கட்டிய பாலத்தில் பாரந்தூக்கிச் சட்டகம் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தூரத்து மேற்கு வங்காளத்தின் மால்டா மாவட்டத்துக் கிராமத்தவர்கள். ஒரு கானவாக்கே மால்டாவிலும் உண்டு. ஆனால் கல்கத்தாவின் நடு வீதியில் விழுந்த பாலத்துக்கு எழுந்த கூச்சலில் நூறில் ஒரு பங்கும் அந்தக் கிராமத்தாருக்காக எழவில்லை. நகரத்தார் இறந்தால் அது செய்தி. கூலிக்குப் போனவன் மலைநாட்டில் இறந்தால் பிணம் வந்து சேரும்வரைதான் பேச்சு.

இதையெல்லாம் ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று வாசகர் எண்ணலாகாது. கல்கத்தாப் பாலம் விழுந்த அதே 2016இல், மே 17ஆந் தேதி, நம் கேகாலை மாவட்டத்திலே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதையுண்டன. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தில் இருந்த நம்மவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அதற்குச் சற்று முன்னர், 2014 ஒக்தோபர் 29இல், ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. மழை இயற்கை, மலை இயற்கை. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மீரியபெத்தை அபாயமான இடம், குடிகளை அகற்ற வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். முன்னறிந்து சொல்லப்பட்ட ஒன்றைத் தெய்வச் செயல் என்று அந்த ஆங்கிலச் சட்டமே ஒப்புக்கொள்ளாது. குவெபெக்குக்குப் போய்ச் சேராத தந்தியும், லயத்துக்குப் போய்ச் சேராத எச்சரிக்கையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அன்று நம் கோயில்களில் மோட்ச தீபம் ஏற்றினோம், நன்று. அதற்குமேல் எத்தனை பேர் எத்தனை நாள் கேட்டோம் என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ளலாம்.

இனி, முதலில் சொன்ன கித்துல்கலைக் கதை. அந்தப் படத்தில் வருவது யப்பானியரிடம் சிறைப்பட்ட வெள்ளைக்காரப் போர்வீரர்கள் தாய்லாந்தில் பாலங் கட்டும் கதை. உண்மையில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமான அந்தச் சயாம் மரண இரயில் பாதையை அமைத்தவர்களில் போர்க் கைதிகள் அறுபதினாயிரம் பேர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சத்துக்கும் மேல். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா நாட்டின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். நல்ல சம்பளம் என்று சொல்லிச் சிலரை ஏற்றினார்கள். வழியில் மறித்துச் சிலரைப் பிடித்தார்கள். பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. நம்மைப் போல் கங்காணி வழியாகக் கடல் கடந்தவர்களின் மக்கள். நம்மைப் போல் லயத்தில் பிறந்தவர்கள். சிலருக்கு ஒரு தாய்வழிச் சொந்தம் இலங்கைத் தோட்டத்திலும் இருந்திருக்கக்கூடும்.

பள்ளத்தாக்குகளைத் தாண்ட அந்தப் பாதையெங்கும் பச்சை மரத்தால் பாலங்கள் கட்டினார்கள். ஹின்ரொக் என்ற இடத்தருகே இருந்த ஒன்று, கட்டும்போதே மும்முறை விழுந்ததாகக் கைதிகளின் குறிப்புகள் கூறுகின்றன. சீட்டுக்கட்டுப் பாலம் என்றே அவர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். விழுந்தால் அழுவதற்கு நேரமில்லை. மறுபடி கட்ட வேண்டும். பாலத்தில் செத்தவர்களைவிட வாந்திபேதியிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனையோ மடங்கு. கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேரும் மாண்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் புல் வெட்டிப் பேணப்படுகிறது. அது செய்ய வேண்டியதே. தமிழர் காட்டில் கூட்டங் கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். அந்தச் சாவுக்கு ஊர் சொன்ன சொல் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டிய ஊர் ஆயிரம் மைலுக்கப்பால், யப்பானியர் ஆட்சியின் கீழ், கடிதமும் இல்லாமல் கிடந்தது. கித்துல்கலையில் எடுத்த படத்தில் அவர்களுக்கு இடமில்லை. களனி கங்கைக் கரையில், நம் தோட்டங்களுக்கு நடுவே, நம்மைப் போன்றவர்களின் மரணக் கதை நம்மவர் இல்லாமலே நடித்து முடிக்கப்பட்டது. வேடிக்கை பார்க்கப் போன நம் பெரியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

நம் வழக்கத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லித்தான் பிண்டம் வைக்கிறோம். கருமாதி அன்று பெயர் தெரியாமல் ஐயர் எதைச் சொல்லித் தர்ப்பணம் செய்விப்பார்? தோட்டத்திலோ உயிரோடிருக்கும்போதே பெயர்தான் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். நிறைந்தால் முழுப் பேர். மெல்பேணில் 35 பெயர்களைக் கல்லில் வெட்டியதும், கானவாக்கேயில் 33 பேரை ஊரே நினைவில் வைத்திருப்பதும் எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்குத்தான் நன்றாக விளங்கும்.

2023ஆம் ஆண்டு காஞ்சனபுரியில் ஒரு விகாரை வளாகத்திலே அந்தத் தமிழ்த் தொழிலாளருக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முயன்றார்கள். தமிழ்நாட்டு அரசும் உதவிற்று. பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் நாட்டிய கல். போரில் பட்டவனுக்கு அவன் பெயரையும் செயலையும் எழுதிக் கல் நாட்டுவது சங்க காலத்து வழக்கம். அவர்களுக்கும் அந்த வழக்கப்படியே செய்திருக்கிறார்கள். எழுத வேண்டிய பேர்கள் பல்லாயிரம். அந்தக் காட்டில் செக்ரோல் இருக்கவில்லை.